பாய் ஏற்றுவதற்கு முன்பு

தொண்டி கடற்கரையில், நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் படகு கட்டும் ஓடாவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.

முன்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே ஒரு சத்தம் கொடுங்கள், திருத்திக்கிறேன். பின்னால் நிற்கிற தம்பிகளுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். எல்லார் கையிலும் போன் இருக்கு. உள்ளே வைக்க வேண்டாம், அதுக்கும் வேலை இருக்கு.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆடி மாதம். கச்சான் நல்லா வீசிக்கொண்டிருந்தது. நானும் என் தம்பியும் எங்கள் வத்தையில் நண்டு வலை எடுக்கப் போனோம். போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அது ஒன்றும் புதுசு இல்லை. "பாயை ஏத்துடா, போயிருவோம்" என்றேன். அவன் ஆஞ்சான் கயிற்றை இழுத்தான். பருமல் மேலே போனது, பாய் காற்றைப் பிடித்தது. ஐந்து நிமிஷம்கூட ஓடியிருக்க மாட்டோம், மேலே 'டக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பருமலும் பாயும் மொத்தமாகக் கீழே வந்துவிட்டன. அவன் தோளில் விழுந்தது.

கப்பிக்கு நடுவில் ஒரு ஆணி இருக்கும் இல்லையா, அதுதான் முறிந்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத இரும்பு ஆணி. வெளியே தெரிகிற தலை நன்றாக இருந்தது. உள்ளே துரு தின்று பென்சில் முனை மாதிரி ஒடுங்கியிருந்தது.

கச்சான் நம்ம கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சினும் இல்லை, பாயும் இல்லை என்றால் படகு எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே எல்லைக்கோடு. அந்தப் பக்கம் போய்விட்டால் எஞ்சின் நின்றது, கப்பி உடைந்தது என்று யாரிடம் விளக்கம் சொல்வது? நல்லவேளை, பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். நங்கூரம் போட்டோம், பிடித்தது. கப்பி இல்லாமல் பாய்மரத்தின் தலைத் துளை வழியாகவே கயிற்றைக் கோத்து, பாயைப் பாதி உயரத்துக்கு ஏற்றி, காற்றைப் பக்கவாட்டில் வாங்கி வடமேற்கே ஓட்டினேன். கோட்டைப்பட்டினம் பக்கம் கரை சேரும்போது இருட்டிவிட்டது. தம்பிக்கு இன்றைக்கும் வலது கை தோளுக்கு மேலே முழுசாகத் தூக்க வராது.

அந்த ஆணியை நான் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தேன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஊர்ப் படகுகளுக்கெல்லாம் பழுது பார்க்கிற ஓடாவி வீட்டுப் படகு அது.

"எஞ்சின் இருக்கும்போது பாய் எதுக்கு அண்ணே?" என்று சிலர் கேட்கிறார்கள். எஞ்சின் நிற்கிற அன்றைக்குத்தான். அதோடு, இங்கே தொண்டி, நம்புதாளை, முள்ளிமுனை பக்கமெல்லாம் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறோம். போட்டியன்று மட்டும் பழைய பாய்மரத்தைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து நட்டு, வருஷம் முழுக்க வெயிலில் கிடந்த கயிற்றைக் கட்டி, ஆளையும் பலகையில் ஏற்றி ஓட்டுகிறோம். படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆள் போய் நின்று சாய்வைச் சமாளிக்கிற வித்தை நம்ம கடலில் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஒரு வெள்ளைக்காரர், சென்னை மாகாண மீன்துறையில் இருந்தவர், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் எழுதியபோது பாக் நீரிணைப் படகுகளின் இந்தப் பலகையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். பெருமைதான். ஆனால் அந்தப் பலகையில் நிற்கிறவன் பாய்மரத்தையும் கயிற்றையும் நம்பித்தான் நிற்கிறான். காற்றின் இழுப்பை அவன் கனம் தாங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தால், அவன் கடலில் இருப்பான், படகு அவன் பக்கமாகவே சாயும்.

பேர்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஊருக்கு ஊர் மாறும். நட்டு நிற்கிறது பாய்மரம். பாயைத் தாங்கிக் குறுக்கே போகிற கழி பருமல். பருமலை மேலே ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். பாயின் வால் முனையைப் பிடித்து இழுக்கிற கயிறு தாமான். உங்கள் ஊரில் வேறு பேர் என்றால் அந்தப் பேரையே வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றுதான்.

இனி பாய்மரம். வருஷத்தில் ஒரு தடவை, வாடை தொடங்குவதற்கு முன்னால், மரத்தைப் பிடுங்கிக் கீழே கிடத்துங்கள். நட்டு நிற்கும்போதே சுற்றிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று போவதில் பிரயோஜனம் இல்லை. கெட்டுப்போகிற இடம் அடிக்கட்டையும் உச்சியும்தான். அடி குழிக்குள்ளே இருக்கிறது, உச்சி கண்ணுக்கு எட்டாது. மூன்று முட்டுக்கட்டை வைத்து, இடுப்பு உயரத்தில் கிடத்துங்கள். சுத்தியலின் மரப்பிடியால் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'ணங்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே இற்றுப்போன மரம் 'பொத்' என்று அமுங்கிச் சொல்லும். சத்தம் மாறுகிற இடத்தில் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். ஒரு தானிய அளவு இறங்கினால் பரவாயில்லை. கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த மரம் கடலுக்குப் போகக் கூடாது.

இதில் எல்லாரும் தப்பாக நினைக்கிற ஒன்று இருக்கிறது. உப்புத்தண்ணீர்தான் மரத்தை அழிக்குது என்கிறார்கள். கடலுக்குள்ளே கிடக்கிற அடிப்பலகையைப் புழு துளைக்கும், அது வேறு சங்கதி. பாய்மரத்தை இற்றுப்போக வைப்பது மழைத்தண்ணீர். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை லேசில் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மரத்தின் வழியாக வழிந்து அடிக்குழியில் தேங்குகிற நல்ல தண்ணீர், மணலும் மீன் செதிலும் சேர்ந்து ஊறி, மரத்தை உள்ளிருந்து சாப்பிட்டுவிடும். அதனால் பாய்மரம் உட்காருகிற குழியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய படகுகளில் இருக்கும். யாரோ எப்போதோ தாரோ சிமெண்டோ போட்டு அடைத்திருப்பார்கள். கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள்.

வெடிப்பு இருந்தால் பயந்துவிட வேண்டாம். நீளவாக்கில் ஓடுகிற வெடிப்பு மரம் காய்ந்ததால் வருவது, பெரும்பாலும் ஆபத்தில்லை. அதில் பசையைப் பிசைந்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும்போது அந்தப் பசை ஆப்பு மாதிரி நின்று வெடிப்பை இன்னும் பிளக்கும். எண்ணெய் ஊற்றிவிட்டாலே போதும். குறுக்குவாக்கில், மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அதுதான் எமன். மரம் ஒரு தடவை மடங்கிப் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்குப் பலகை மரத்தைப் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். காற்றில் மரம் வளைகிறபோது முழுப் பாரமும் அங்கேதான் விழும்.

எண்ணெய் என்றேன். எங்கள் அப்பா காலத்தில் புன்னை எண்ணெய்தான். இப்போது பெயிண்ட் அடிக்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. ஈரமான மரத்தின் மேலே பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து மக்கும், பளபளப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் சித்திரை, வைகாசி வெயிலில் நன்றாகக் காயவிட்டு அடியுங்கள். என்னைக் கேட்டால் பாய்மரத்துக்கு எண்ணெய்தான் சரி. பருமல் ஏறி இறங்குகிற இடத்தில், கயிற்று வளையம் மரத்தைத் தேய்க்கும் பாருங்கள், அங்கே கொஞ்சம் கூடுதலாகப் பூசுங்கள்.

இரும்புச் சாமான்களுக்கு வருகிறேன். இதில்தான் நாம் ரொம்ப ஏமாறுகிறோம். கடைக்குப் போய் "எஸ்.எஸ். போல்ட்டு குடுங்க" என்கிறோம். கடைக்காரரே காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டுகிறார், ஒட்டவில்லை, சந்தோஷமாக வாங்கி வருகிறோம். தம்பி, காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் மட்டமானதும் உண்டு. 202 என்று ஒரு ரகம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்வது. அதிலும் காந்தம் ஒட்டாது. வீட்டுக் கைப்பிடிக்கு அது போதும். கடல் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புப் பிடித்துவிடும். 304 அதைவிட மேல். கடலுக்கென்று உள்ளது 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. போல்ட்டின் தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. உங்கள் போன் கேமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்து தெரியும்.

316 வாங்கிவிட்டேன், இனி கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலே படிகிற மெல்லிய தோல். அந்தத் தோல் உயிரோடு இருக்கக் காற்று வேண்டும். ஈர மரத்துக்குள்ளே இறங்கியிருக்கிற பாகத்துக்குக் காற்று கிடையாது, உப்பு மட்டும் உண்டு. அங்கே சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே போகும். வெளியே தலை கண்ணாடி மாதிரி மின்னும், உள்ளே இடுப்பு ஒடுங்கியிருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பு மலிவு, ஆனால் நேர்மையான சரக்கு. பூச்சு போனதும் துருவைக் காட்டி நம்மை எச்சரித்துவிடும். பித்தளை வேறு மாதிரி. மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அதிலிருந்த துத்தநாகத்தைக் கடல் கரைத்துவிட்டது. மிச்சமிருப்பது பஞ்சு மாதிரி. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துவிடும்.

இன்னொரு தப்பும் அடிக்கடி பார்க்கிறேன். அலுமினியத் தகட்டை எவர்சில்வர் ஆணியால் அடிப்பது, இரும்பு வளையத்தில் பித்தளைக் கொக்கி போடுவது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர், அதுவே ஒரு பேட்டரி. இரண்டில் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். ஒரே ரகத்தைப் போடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ரப்பர் வாசரோ, பழைய டியூப் துண்டோ வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ஆக, பார்க்கிற முறை ஒன்றே ஒன்றுதான், கழற்றிப் பார்ப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆணியையும், போல்ட்டையும், டி-சாக்கிளையும் வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க வரவில்லையா, அதற்காகவே அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நானும் அப்படித்தான் "இறுகிப் போச்சு, இருக்கட்டும்" என்று விட்டேன். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள். சாக்கிளின் திருகு ஆணி ஆட்டத்தில் தானாகக் கழலும். அதன் கண்ணில் மெல்லிய கம்பியைக் கோத்துச் சாக்கிளோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள்.

கப்பி உருளுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். உருளாத கப்பியில் கயிறு ஓடாது, அறுபடும். பாய்மர உச்சியில் இருக்கிற கப்பியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கரையில் நின்றே போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், விரிசலும் துருவும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியும். ஏறிப் பார்க்கிறேன் என்று பழைய மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள்.

புத்தகத்தில் பார்த்தால், கடலுக்குப் போய் வந்ததும் எல்லாச் சாமானையும் நல்ல தண்ணீரில் கழுவு என்று போட்டிருக்கும். நம்ம இராமநாதபுரத்தில்! குடிக்கக் குடத்தோடு நிற்கிற ஊரில் கப்பியைக் கழுவச் சொன்னால் வீட்டம்மா என்னைக் கழுவி ஊற்றுவார். எனக்குத் தெரிந்த வழி, ஒரு வாளியில் கால்வாசித் தண்ணீர், ஒரு பழைய துணி. நனைத்துப் பிழிந்து கப்பி, ஆணி, சாக்கிள் மட்டும் துடைத்துவிடுங்கள். உப்பு கரைந்தால் போதும். கயிறுகளை ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி விரித்துப் போடுங்கள், மழையே கழுவிக் கொடுக்கும். காசும் இல்லை, திட்டும் இல்லை.

கயிறு. முன்பு தேங்காய் நார்க் கயிறு. அது கெட்டால் கண்ணுக்குத் தெரியும். இப்போதைய பிளாஸ்டிக் கயிறு வெயிலில் சாகும். கையால் உருவிப் பாருங்கள், உள்ளங்கையில் மாவு மாதிரித் தூள் ஒட்டினால் அதற்கு வயது முடிந்தது. பிரியை முறுக்கைத் திருப்பித் திறந்து உள்ளேயும் பாருங்கள். மேலே வெளுத்து உள்ளே நிறம் இருந்தால் ஓரளவுக்குப் பரவாயில்லை. உள்ளே மணலும் அறுந்த நூலும் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆஞ்சானுக்கு நைலான் போடாதீர்கள். நைலான் இழுத்தால் நீளும், நங்கூரத்துக்கு அந்த நீட்டம் நல்லது, பாய்க்கு ஆகாது. ஏற்றிய பாய் அரை மணி நேரத்தில் தொய்ந்து நிற்கும். பாலியெஸ்டர் கயிறு விலை கூட, ஆனால் வெயிலையும் தாங்கும், நீளவும் நீளாது.

முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழக்கிறது. பிரியைப் பிரியோடு கோத்துப் பின்னிய கண்ணில் அவ்வளவு இழப்பு இல்லை. பின்னத் தெரிந்த பெரியவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். தம்பிகளா, யூடியூபில் தேடுவதற்கு முன்னால் இவர்கள் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். பின்னுகிற கையை வீடியோவும் எடுத்து வையுங்கள். ஆஞ்சானை வருஷம் ஒரு தடவை தலைகீழாக மாற்றிக் கட்டினால் கப்பியில் தேய்கிற இடம் மாறும், அதே கயிறு கூட ஒரு வருஷம் ஓடும்.

பாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாய் கிழிந்தால் தெரியும், தைத்துக்கொள்ளலாம். மடித்து நிழலில் வையுங்கள், எலி பார்த்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு இன்னும் மூன்று வேலை. ஒன்று, எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் ஒரு படம். எந்தக் கயிறு எந்தப் பக்கம் போனது என்ற சண்டை வராது. தேதியும் தானாகப் பதிவாகும், போன வருஷத் துருவையும் இந்த வருஷத் துருவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படகின் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். படகு விற்று வாங்கியிருந்தால், பெயர் மாற்றத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். அப்பா பெயரிலேயே கிடக்கிற படகுகள் இந்தக் கரையில் எத்தனை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, காற்று. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையும், ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை, காற்று முன்னறிவிப்பும் போனிலேயே கிடைக்கிறது. பாம்பனில் கூண்டு ஏற்றினார்களா என்று காத்திருந்த காலம் போய்விட்டது. கூண்டு ஏற்றினால் போகாதீர்கள், அது தனி. பழைய பாய்மரம் வைத்திருக்கிறவன் கூண்டு ஏறாத நாளிலும் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். போனில் சிக்னல் போனாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். கடல் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று தெரியும்.

மூன்றாவது, நம்பர். இப்பவே எடுத்துப் பதியுங்கள், நான் நிற்கிறேன். கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம், நம்ம மரைன் போலீஸ், 1093. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டை அணியத்தில் தலையணையாக வைத்துப் படுக்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். பாய் ஏற்றுகிற நேரத்திலாவது உடம்பில் இருக்கட்டும்.

இன்னொன்றை விட்டுவிட்டேன். போட்டிக்குப் படகை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோகும்போது பாய்மரத்தை நட்டபடியே கொண்டுபோகிறார்கள், ஊர்வலம் மாதிரி. கடற்கரைத் தெருவில் மின்கம்பி எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று பாருங்கள். ஈர மரத்திலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும், உச்சியில் இரும்பு வளையம் வேறு இருக்கிறது. மரத்தைப் பிடுங்கிப் படகுக்குள் கிடத்தித்தான் ரோட்டில் ஏற்ற வேண்டும். கம்பி தொய்ந்து கிடந்தால் மின்னகம் எண் 94987 94987, புகார் சொல்லிவிட்டு, சரிசெய்யும்வரை அந்த வழியே போகாதீர்கள்.

கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம். என் வத்தை அந்தப் புன்னை மரத்தடியில் கிடக்கிறது. பாய்மரத்தை இறக்கி மூன்று கட்டையில் கிடத்தி வைத்திருக்கிறேன், சுத்தியலும் கொண்டு வந்திருக்கிறேன். அடியிலிருந்து ரெண்டு முழம் தள்ளி ஒரு இடத்தில் சத்தம் மாறுகிற மாதிரி எனக்கே நேற்றிலிருந்து ஒரு சந்தேகம். முன்வரிசைப் பெரியவர்கள் ரெண்டு பேர் வந்து காது கொடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள். தம்பி, நீ திருப்புளியை எடுத்துக்கிட்டு வா.